பின்சில்லுக்கு ஒரு ரயர்

சந்தேகம் என் கூடப்பிறந்த குணம் என்று என் கணவர் சொல்வார். கூடப்பிறந்ததல்ல, போரில் பாதையைப் பூட்டிச் சாமான்களை வரவிடாத தடைக்காலத்தில் கடை கடையாக ஏறி இறங்கிக் கற்றது. தேயிலை வாங்கினால் ஒரு சிட்டிகையைப் பச்சைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பேன். உடனே நிறம் விட்டால் சாயம். நல்லெண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து மணப்பேன். சவுக்காரக் கட்டியை நூலால் அறுத்து உள்ளே பார்ப்பேன். கரவெட்டிக் கடைக்காரர்கள் என்னைக் கண்டாலே பெருமூச்சு விடுவார்கள். "சந்நிதியான் ஆணை, நல்ல சாமான் பிள்ளை" என்று யாராவது சத்தியம் செய்தால் அந்தக் கடைக்கு மறுபடி போகமாட்டேன். சவுக்காரத்துக்குச் சாட்சி சொல்ல முருகன் ஏன் தொண்டைமானாற்றிலிருந்து வரவேண்டும்?

என் கணவர் நேரெதிர். சிரித்துக் கதைக்கிறவன் சொல்வதெல்லாம் அவருக்கு உண்மை. நான் முதல் பிள்ளையைச் சுமந்திருந்தபோது சைக்கிளின் பின்சில்லுக்கு ஒரு ரயர் வாங்கி வந்தார். புதிது, அதுவும் மலிவு என்றார். ரயரும் அப்போது தடைசெய்த பொருள். கிளாலிக் கடலால் வள்ளத்தில் ஒளித்துக் கொண்டுவந்ததுதான் கிடைக்கும். மண்ணெண்ணெயில் ஓடும் வாடகைக் கார் ஒன்று ஊரில் இருந்தது. நமக்கு அவசரம் வரும்போது அது வேறு யாருடைய அவசரத்துக்கோ போயிருக்கும். அதனால் ஆஸ்பத்திரிக்கு என்றாலும் சைக்கிள் கரியர்தான்.

வலி எடுத்துப் போன வழியில், ஒரு மதகடியில், அந்த ரயர் வெடித்தது. தேய்ந்த ரயரில் கத்தியால் புதிதாக வரி வெட்டி, விளக்குக் கரியும் எண்ணெயும் பூசி விற்றிருக்கிறார்கள். முடிந்தவரை நடந்தேன். பிறகு முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பிந்திவிட்டது, பிள்ளை தங்கவில்லை. ரயருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டொக்டர் சொன்னார். டொக்டரையும் நான் நம்பவில்லை. கணவரோடு நெடுநாள் முகம் கொடுத்துக் கதைக்கவுமில்லை.

அடுத்த பிள்ளை வயிற்றில் வளர்ந்தபோது அவர் பயந்து பயந்து கேட்டார்: "பிள்ளைக்குப் பவுடர், நல்ல சவுக்காரம், ஒரு தொட்டில் எல்லாம் பாக்கட்டோ?"

"ஒண்டும் வேண்டாம். பிள்ளை என்ரை பழஞ்சீலையிலை படுக்கும், பயத்தமாவிலை குளிக்கும். எனக்கு நல்ல ரயர் ஒண்டு வேணும். நானே வாறன் வாங்க."

சட்டை தைத்துச் சேர்த்த காசு முழுவதையும் முடிந்துகொண்டேன். ஒரு வெள்ளைத் துணியும் எடுத்துக்கொண்டேன். சந்தைக்குப் பக்கத்தில் இருந்த சைக்கிள் கடைக்குப் போனோம். கடைக்காரர் தொங்கிய ரயர் ஒன்றை இறக்கித் தந்தார். துணியால் ஒரு இழுப்பு இழுத்தேன். துணி கறுத்தது.

"அது வள்ளத்திலை பட்ட கரி, பிள்ளை."

"அப்ப அந்த வள்ளத்தையே வாங்கலாமே அண்ணை, நல்லாக் கறுத்திருக்கும்."

என் கணவர் வீதியைப் பார்த்தார். கடைக்காரர் உள்ளே போய், கடதாசி சுற்றிய இன்னொரு ரயர் கொண்டுவந்தார். விலை யானை விலை. துணியில் கறுப்பு ஒட்டவில்லை. "விலைக்கேத்த சாமான்தானே, எடுப்பம்" என்றார் கணவர். எனக்கோ சந்தேகம் கூடியது. மலிவான கள்ளச் சாமானை எவனும் விற்பான். விலை கூடிய கள்ளச் சாமானை விற்கக் கெட்டிக்காரன் வேண்டும். சூடு கண்ட பூனை நான்.

"அண்ணை, உங்களுக்குப் பொம்பிளைப் பிள்ளை இருக்கோ?"

"ஓம், ஒருத்தி. பள்ளிக்கூடம் போறாள்."

"அவளை இந்த ரயரிலை ஏத்துவியளோ?"

அவர் என் வயிற்றைப் பார்த்தார், கையிலிருந்த ரயரைப் பார்த்தார். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டுக் கடைக்குப் பின்னால் போனார். அங்கே அவருடைய சொந்தச் சைக்கிள் சாத்தியிருந்தது. பின்சில்லைக் கழற்றத் தொடங்கினார்.

"இது பாதை பூட்ட முதல் வாங்கினது. இப்ப இப்பிடிச் சாமான் வாறேல்லை. மகளை இதிலைதான் ஏத்திறனான்."

கேட்டது புது ரயரின் விலை. என் கணவருக்கே பொறுக்கவில்லை. "ஓடின ரயருக்குப் புது விலையோ? பேய்க்காட்டி ஏமாத்துறார்" என்று என் காதில் சொன்னார். எனக்கும் அந்த எண்ணம் வராமலில்லை. என்னைப்போலக் கேள்வி கேட்கிறவர்களுக்காகவே ஒரு சைக்கிளைப் பின்னால் சாத்தி வைத்திருக்கலாம். ஆனால் விற்க ஆசைப்படும் மனிதர்களை எனக்கு நன்றாகத் தெரியும். இவருக்கு விற்க மனமில்லை. ரயரைக் கையில் தந்த பிறகும் அதன் விளிம்பைச் சற்று நேரம் விடாமல் பிடித்திருந்தார். ஒரு சதமும் குறைத்துக் கேட்காமல் காசைக் கொடுத்தேன். என் ஆயுளில் அப்படி வாங்கிய சாமான் அது ஒன்றுதான்.

வலி ஒரு முற்பகலில் வந்தது. வீதி முழுக்க ஷெல் விழுந்த குழி. கணவரின் சட்டையை இறுக்கிப் பிடித்தபடி, என் வலியைவிட அந்த ரயரின் சத்தத்தைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன். மதகு வந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். "தாண்டியாச்சு" என்றார். கண்ணைத் திறந்து, திரும்பிப் பார்த்து உறுதிசெய்த பிறகே நம்பினேன். பெண் பிள்ளை பிறந்தாள். அவள் அழுத சத்தத்தைக் கேட்டு நானும் அழுதேன். கணவரின் கையை அன்றைக்குத்தான் மறுபடி பிடித்தேன்.

பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிந்து, பிள்ளையோடு அதே சைக்கிளில் என் தாய் வீட்டுக்குப் போன பின்னேரம், எதிரே அந்தக் கடைக்காரர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். பக்கத்தில் வெள்ளைச் சட்டையோடு அவருடைய மகள், புத்தகங்களை நெஞ்சோடு அணைத்தபடி நடந்தாள். பின்சில்லில், அன்றைக்கு எனக்குக் கடதாசி சுற்றிக் கொண்டுவந்த அதே ரயர், பக்கவாட்டில் வீங்கி வெடித்துக் கிடந்தது. நான் காணவேண்டும் என்றே உருட்டுகிறாரோ என்று முதலில் நினைத்தேன். அவர் எங்களைக் கவனிக்கவே இல்லை. கணவரை நிற்பாட்டச் சொல்லி இறங்கினேன்.

"ஏன் அண்ணை இதைப் போட்டனீங்கள்?"

"வேறை என்னத்தைப் போட, பிள்ளை?"

அவர் குனிந்து முதலில் எங்கள் பின்சில்லைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். பிறகுதான் பிள்ளையின் முகத்தைப் பார்த்தார்.

அவருடைய மகளின் கால்களில் முழங்கால்வரை செம்புழுதி ஏறியிருந்தது. பள்ளிக்கூடம் தூரமோ என்று கேட்டேன்.

"இல்லை அக்கா, கிட்டத்தான்" என்றாள்.

நான் நம்பவில்லை.