சான்று எண் நான்கும் என் இடது கண்ணும்

ஓசூர் சாலையில் இருந்த எங்கள் தொழிற்சாலையில் வேலை விதிகளான நிலையாணைகளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தவன் நான் ஒருவன்தான். அந்தக் குற்றத்துக்காக, தொழிலாளி யார் மீது புகார் வந்தாலும் என்னையே விசாரணை அதிகாரியாகப் போட்டார்கள். எத்தனையோ விசாரணைகள் நடத்தினேன். சான்றுப் பொருளால் விசாரணை அதிகாரிக்கே உடம்பு தேறியது ஒன்றில் மட்டும்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் எங்கள் டிஸ்பென்சரி உதவியாளர். பொம்மனஹள்ளிக்காரர், நாற்பதைத் தாண்டியவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக்காரர் மூச்சுவிட முடியாமல் துடித்தபோது, டிஸ்பென்சரியின் ஆக்சிஜன் சிலிண்டரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். பின்வாசல் காவலாளி டீ குடிக்கப் போயிருந்தாராம். மறுநாள் காலை சிலிண்டரைத் திரும்பக் கொண்டுவந்து வைத்து, பதிவேட்டில் தன் கையாலேயே எழுதியும் வைத்தார். அதனால்தான் மாட்டிக்கொண்டார். எழுதாமல் இருந்திருந்தால் எங்கள் நிர்வாகத்துக்கு இந்த ஜன்மத்தில் தெரிந்திருக்காது.

திருட்டு என்று குற்றச்சாட்டு. நிரூபணமானால் வேலை போய்விடும். ‘பொருளை வெளியே கொண்டுபோகக் கேட் பாஸ் இல்லை, பொருள் கேட்டு எழுதும் இன்டென்ட் இல்லை, அனுமதி இல்லை’ என்று கோப்பின் முதல் பக்கத்திலேயே இருந்தது. உண்மையைச் சொன்னால், எனக்கு அதுவே போதுமாக இருந்தது. தீர்ப்பின் முதல் பத்தியை மனதுக்குள் எழுதியும் முடித்திருந்தேன்.

முடிக்கவிடாமல் செய்தது என் தலைவலி.

தினமும் பிற்பகல் மூன்று மணிக்கு, இடது கண்ணுக்குப் பின்னால் யாரோ பழுக்கக் காய்ச்சிய ஸ்குரு டிரைவரை வைத்துத் திருகுவார்கள். இடது கண்ணில் மட்டும் நீர் கொட்டும். இடது மூக்கு மட்டும் ஒழுகும். வலது பாதி தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் இருக்கும். முக்கால் மணி நேரத்தில் வலி தானாகவே போய்விடும். எங்கள் தொழிற்சாலையில் நேரம் தவறாமல் வந்து போனது அது ஒன்றுதான்.

கண் மருத்துவர் கண்ணாடியை மாற்றினார். மூக்கு மருத்துவர் சைனஸ் என்றார். என் மனைவி சுக்கை அரைத்து நெற்றியில் பற்றுப் போட்டாள். வலியோடு எரிச்சலும் சேர்ந்துகொண்டது. வலி மாத்திரை வேலை செய்யத் தொடங்க முக்கால் மணி நேரம் ஆகும். அதற்குள் வலி தானே கிளம்பிவிடும், நல்ல பெயரை மாத்திரை வாங்கிக்கொள்ளும்.

மூன்று முறை விசாரணையை ஒத்திவைத்தேன். உதவியாளருக்காக வாதாட வந்த யூனியன்காரர் தொம்மலூர் ஆள். வாயைத் திறந்தால் மூட மாட்டார். மூன்றாம் முறை நான் கண்ணைப் பொத்திக்கொண்டு அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தபோது சொன்னார்:

“எங்க ஆளை நெனச்சு சாருக்கு அழுகை வருது. ஆனா ஒரு கண்ணுலதான் வருது. இன்னொண்ணு மேனேஜ்மென்ட் கண்ணு போல. அப்படியே எழுதிக்கோங்க சார்.”

எழுதவில்லை.

கடைசியில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் போனேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“வலி வந்தா படுத்துக்குவீங்களா, நடப்பீங்களா?”

“நடப்பேன். செவுத்துல முட்டிக்கலாம்னு தோணும்.”

“அப்ப இது மைக்ரேன் இல்ல சார். கிளஸ்டர் தலைவலி. சில வாரம் தெனமும் வரும், அப்புறம் மாசக்கணக்கா காணாமப் போயிடும்.”

வழிகளையும் சொன்னார். தினம் சாப்பிடும் மாத்திரை ஒன்று; அதற்கு இதயத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும். இன்னொன்று நர்வ் பிளாக். பிடரியில் தலைக்கு ஏறும் நரம்பின் பக்கத்தில், மரத்துப்போகும் மருந்தும் ஸ்டீராய்டும் கலந்து ஊசி போடுவது. வலி கண்ணில், ஊசி கழுத்தில். எங்கள் அலுவலகத்திலும் ஏறக்குறைய இப்படித்தான் நடக்கும் என்பதால் எனக்கு நம்பிக்கை வந்தது.

“எழுத்துமூலமா சம்மதம் வாங்கணுமே, ஃபாரம் எங்க?” என்று கேட்டேன்.

“பேஷன்டே கேட்டு வாங்கறது இதுதான் மொதல் தடவ,” என்று மருத்துவர் மேசை இழுப்பறையில் தேடினார்.

மேசைமேல் தலையணை வைத்து என்னைக் குப்புறச் சாய்த்து, பின்மண்டையின் இடப்பக்கம் ஊசியை இறக்கினார். பத்தாவது நிமிடம் இடது பக்கத் தலைமுடி வேறு யாருடையதோ ஆகிவிட்டது. சீப்பு ஓடுவது காதுக்குக் கேட்டது, தலைக்குத் தெரியவில்லை.

“முழுசா புடிக்க ரெண்டு மூணு நாள் ஆகும். சில பேருக்குப் புடிக்காமலும் போகலாம். நடுவுல வலி வந்தா உடனே ஆக்சிஜன். நல்லா இறுக்கமா மாஸ்க் வெச்சு, வேகமா விட்டு, கால் மணி நேரம். உங்க ஃபாக்டரி டிஸ்பென்சரில சிலிண்டர் இருக்குமில்ல?”

“இருக்கு. ஆனா அது இப்ப கேஸ்ல இருக்கு,” என்றேன்.

மருத்துவர் அடுத்த பேஷன்டுக்கு மணி அடித்தார்.

டிஸ்பென்சரிக்கு இருந்த ஒரே சிலிண்டர், கழுத்தில் ‘சான்று எண் 4’ என்ற அட்டையோடு, மாஸ்க் குழாய் சகிதம் என் விசாரணை அறையின் மூலையில் நின்றது. புதிது கேட்டு டிஸ்பென்சரி எழுதிய கடிதத்துக்கு ஸ்டோர்ஸில் இருந்து பதில் வந்திருந்தது: இருப்பில் ஒன்று உள்ளதால் புதிதாக வாங்க இயலாது. விதிப்படி சரியான பதில். நானாக இருந்தாலும் அதையே எழுதியிருப்பேன்.

ஊசி போட்ட மறுநாள் விசாரணை. நிர்வாகத் தரப்பு சாட்சியான செக்யூரிட்டி ஆபீசரை யூனியன்காரர் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தார். ஆபீசர் பட்டாளத்தில் இருந்து வந்த கன்னடக்காரர், கறார் பேர்வழி. மூன்று மணி ஆனது. ஸ்குரு டிரைவர் வந்துவிட்டது. எழுந்தேன், நடந்தேன், நெற்றியை அலமாரியில் இடித்துக்கொண்டேன்.

உதவியாளர் எழுந்து நின்றார். சிலிண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கை நீளவில்லை. ஒரு தடவை தொட்டதற்கே வேலை ஊசலாடிக்கொண்டிருந்தது.

“சார், தொடலாமா?” என்றார்.

நான் மறுபடி அலமாரியில் நெற்றியை இடித்தேன். செக்யூரிட்டி ஆபீசர்தான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

“அய்யோ, என்னப்பா பாத்துக்கிட்டு நிக்கறே! ஹாக்ரீ! பேக ஹாக்ரீ!” போடு, சீக்கிரம் போடு என்று கத்தினார்.

உதவியாளர் என்னை உட்காரவைத்து, மாஸ்க்கை முகத்தில் அழுத்தி, திருகைத் திறந்தார். “மூச்ச நல்லா இழுங்க சார். பேசாதீங்க.” அந்த அறையில் எனக்குக் கட்டளையிட்ட முதல் மனிதர் அவர்தான். பத்து நிமிடத்தில் ஸ்குரு டிரைவர் பின்வாங்கியது. கால் மணியில் உலகத்துக்கு இரண்டு பக்கமும் திரும்பி வந்தன.

யூனியன்காரர் தொண்டையைச் செருமினார்.

“குறுக்கு விசாரணை தொடருதுங்களா சார்?”

“தொடரலாம்.”

அவர் சாட்சியின் பக்கம் திரும்பினார். “இப்ப ஆக்சிஜன் குடுக்கச் சொன்னீங்களே, இன்டென்ட் போட்டாச்சான்னு ஏன் கேக்கல?”

“என்னய்யா பேச்சு இது! மனுஷன் துடிக்கிறான், இன்டென்ட் கேப்பாங்களா யாராச்சும்?”

சொல்லிவிட்டுத்தான் ஆபீசருக்கு உறைத்தது.

“எழுதிக்கோங்க சார்,” என்றார் யூனியன்காரர், மிகவும் அடக்கமாக.

“அது வேணாம் சார், நீக்கிடலாமே,” என்றார் ஆபீசர்.

சாட்சி சொன்னதை நீக்க விதியில் இடமில்லை. நான் எழுதினேன், ஒரு சொல் விடாமல். அதற்கு மேலே, சான்று எண் 4 அனைவர் முன்னிலையிலும் இயக்கிப் பார்க்கப்பட்டது, பயன்பெற்றவர் விசாரணை அதிகாரி, மீட்டர் அளவு குறைந்துள்ளது என்றும் எழுதினேன். கையெழுத்துக்காகத் தாளை நீட்டினேன். ஆபீசர் இரண்டு முறை படித்தார், பேனாவைத் தேடுவதுபோல் நேரம் கடத்தினார், பிறகு போட்டார்.

நானே பயனாளி ஆகிவிட்டதால் வேறு அதிகாரியைப் போடும்படி எழுதிக் கொடுத்தேன். அதுவும் விதி. மேலே இருந்தவர்கள் கோப்பைப் படித்துவிட்டு, இதை இன்னொருவர் படிக்க வேண்டாம் என்று முடிவு செய்து, என்னையே முடிக்கச் சொன்னார்கள். மனதுக்குள் எழுதியிருந்த முதல் பத்தியைக் கிழித்தேன். கேட் பாஸ் வாங்காதது நிரூபணம், திருட்டு நிரூபணமாகவில்லை. எழுத்துமூலமான எச்சரிக்கையோடு உதவியாளர் டிஸ்பென்சரிக்குத் திரும்பினார், சிலிண்டரும் அவரோடு போனது.

ஊசி மூன்றாம் நாள் பிடித்தது. நல்ல வேலைதான் செய்தது. ஆனால் அதற்குள் எல்லாப் புகழையும் சிலிண்டர் தட்டிக்கொண்டு போயிருந்தது.

இரண்டு வருடம் கழித்து, ஒரு பிற்பகல் மூன்று மணிக்கு, வலி திரும்பி வந்தது. இடது கண்ணில் நீர் கொட்ட, படிகளில் தடுமாறி இறங்கி டிஸ்பென்சரிக்குள் நுழைந்தேன். உதவியாளர் ஒரே பார்வையில் புரிந்துகொண்டார். ஒரு கை சிலிண்டரின் திருகுக்குப் போனது. மற்றொரு கை ஒரு காகிதத்தை நீட்டியது.

“இன்டென்ட் சார். மூணு காப்பி. அடியில கார்பன் வெச்சிருக்கேன், அழுத்திப் போடுங்க.”

ஒற்றைக் கண்ணால் புள்ளிக் கோட்டைத் தேடிக் கையெழுத்துப் போட்டேன். அவர் சரிபார்த்து, கோப்பில் வைத்து, மாஸ்க்கை என் முகத்தருகே கொண்டுவந்தார்.

“இங்கியே உக்காந்து இழுத்தா கேட் பாஸ் வேணாம் சார்.”