என்னிடம் கேட்காமல் பிரித்த ஃபைல்

பி.எஸ்சி. கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்குத் தல்லாகுளத்தில் அரசு அலுவலக வேலை. எங்கள் வீடு விளாங்குடியில். திண்டுக்கல் ரோட்டில் அப்பா உரக்கடை வைத்திருந்தார். அரசு வேலை என்றதும் அவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. படிப்பு முடியட்டும் என்று நான் சொன்னதை அம்மா மட்டும் காதில் வாங்கினாள்.

பெண் எடுக்கும் முன் நாலு இடத்தில் விசாரிப்பது எங்கள் பக்கத்து வழக்கம்தான். தெருவில் விசாரிப்பார்கள், கடையில் விசாரிப்பார்கள். இவர்கள் கல்லூரிக்கும் போயிருக்கிறார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாப்பிள்ளையின் தாய்மாமா தனியாக வந்தார். காபியைக் குடித்துவிட்டு, இரண்டாம் வருடத்தில் எனக்கு ஒரு பேப்பர் அரியர் விழுந்ததைப் பற்றிக் கேட்டார். அப்பா ஒப்புக்கொண்டார். அடுத்து அவர் கேட்டதுதான் என்னை அடுப்படியிலிருந்து வெளியே இழுத்தது.

"பிள்ளைக்கு மாத்திரை கொடுத்தாங்களாமே. இப்ப நிப்பாட்டியாச்சா?"

நடந்தது இதுதான். இரண்டாம் வருடப் பரீட்சை ஹாலில் திடீரென்று எனக்குக் கை நடுங்கி, நெஞ்சு படபடத்து, கேள்வித்தாளில் எழுத்தே தெரியவில்லை. வெற்றுத்தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். அம்மா மனநல டாக்டரிடம் கூட்டிப்போனாள். சில மாதம் மாத்திரை சாப்பிட்டேன், சரியாகிவிட்டது. வீட்டுக்கும் டாக்டருக்கும் வெளியே இது தெரிந்த ஒரே ஆள் என் மென்ட்டார் மேடம். எங்கள் கல்லூரியில் மாணவர்களைச் சின்னச் சின்னக் குழுவாகப் பிரித்து ஆளுக்கொரு ஆசிரியர் பொறுப்பில் விடுவார்கள். அவர் நம்மிடம் பேசிவிட்டு ஃபைலில் குறித்துவைப்பார். மேடம் கதவைச் சாத்திவிட்டு, என்ன ஆச்சு என்று கேட்டதால்தான் நான் சொன்னேன்.

உங்களுக்கு யார் சொன்னது என்று அந்த மாமாவைக் கேட்டேன். அப்பா கண்ணாலேயே என்னை உள்ளே போகச் சொன்னார். மாமா ஒளிக்கவெல்லாம் இல்லை. கல்லூரி ஆபீசில் இருக்கும் சூப்பிரண்டு அவருக்கு வேண்டியவராம். ஃபைலையே எடுத்துக் காட்டினாராம்.

"எல்லாம் நல்லபடியாத்தான் எழுதியிருக்குத்தா. நாங்க இதைப் பெருசா எடுத்துக்கலை" என்றார்.

அப்பாவின் இரண்டு கைகளும் கும்பிடப்போவதுபோல மேலே வந்தன. அதைப் பார்த்த பிறகு என்னால் சும்மா நிற்க முடியவில்லை.

"நீங்க எப்படி எடுத்துக்கிட்டாலும் சரி. அது என்னோட ஃபைலு. எங்கிட்டக் கேக்காம எப்படிப் படிச்சீங்க?"

அவர் சிரித்தார். பிறகு நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து எழுந்துகொண்டார். அவர் தெருமுனை தாண்டியதும் அப்பா போட்ட சத்தம் பக்கத்து வீடு வரைக்கும் கேட்டிருக்கும். ஊரே மறைக்கிற விஷயத்தை அவர்களாகப் பொறுத்துக்கொண்டு வந்தால் இவள் சண்டைக்கு நிற்கிறாளே என்று அம்மாவிடம் கத்தினார். அந்த மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டமாட்டேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். எனக்கு வந்தது வியாதி, வெட்கப்பட அதில் ஒன்றுமில்லை. அதை மன்னித்துவிட்டதாக நினைக்கும் வீட்டில் ஆயுசுக்கும் நன்றிக்கடனோடு வாழ என்னால் ஆகாது.

மறுநாள் பிரின்சிபால் அறை வாசலில் போய் நின்றேன். விஷயத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்றார் அட்டெண்டர். நேரில்தான் சொல்வேன் என்று நின்றேன். மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பிய பிரின்சிபால் என்னைப் பார்த்துத் திரும்பவும் உள்ளே போய் உட்கார்ந்தார்.

கோபக்காரர் இல்லை அவர். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். கல்யாணக் காரியமாக விசாரித்தால் நாலு நல்ல வார்த்தை சொல்லி அனுப்புவது உதவிதானே என்றார். பெற்றவர்களுக்குத் தெரியாத எதையும் சொல்லிவிடவில்லையே என்றார். வந்தவர் என்னைப் பெற்றவர் இல்லை என்றேன். பெற்றவர்களே வந்து கேட்டாலும், ஓட்டுப் போடுகிற வயதில் இருக்கும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும் என்றேன்.

"எந்தச் சட்டத்துலம்மா அப்படி இருக்கு?"

"சட்டம் எனக்குத் தெரியாது சார். அந்த மாப்பிள்ளை வேலை பாக்குற ஆபீசுக்கு நான் போயி, அவரு ஃபைலைக் காட்டுங்கன்னு கேட்டா காட்டுவாங்களா?"

அவர் மணியை அடித்து, மேடத்தையும் ஃபைலையும் வரச் சொன்னார்.

என்னைப் பற்றிய அந்தத் தாள்களை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். ஊரான் ஒருவன் படித்து முடித்த பிறகு! டாக்டர், மாத்திரை, அழுதது எல்லாம் மேடத்தின் அழகான கையெழுத்தில் இருந்தன. கடைசியில், 'அமைதியான பெண். எதிர்த்துப் பேசமாட்டாள்' என்று எழுதியிருந்தார்.

மேடத்தின் முகம் சுருங்கிப்போயிருந்தது. பின்னால் என் பொறுப்பை ஏற்கிறவர் என்னைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்றுதான் எழுதியதாகச் சொன்னார். அது உண்மைதான் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்த வரிகளை எடுத்துவிடச் சொன்னேன். பிரின்சிபால் தலையசைத்தார். மேடம் அந்தத் தாளை உருவி என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். படிப்பு முடியும்வரை வகுப்பில் பாடத்தைத் தவிர வேறெதுவும் என்னிடம் பேசவில்லை. அது எனக்கு வலித்தது, இப்போதும் வலிக்கிறது. ஆனாலும் திரும்பப் போய் மன்னிப்புக் கேட்கத் தோன்றவில்லை.

சூப்பிரண்டுக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. மாணவரின் சம்மதக் கையெழுத்து இல்லாமல் யாருக்கும் எந்த விவரமும் தரப்படாது என்று அந்த வாரமே ஆபீஸ் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவிட்டார்கள். அப்பா என்னோடு பேசாமலே இருந்தார். ஆனால் மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் போட்டவர் அவர்தான். உடம்பு சரியில்லை, ஜாதகம் பொருந்தவில்லை என்று எதையாவது சொல்லிச் சமாளிப்பார் என்று நினைத்தேன்.

"எம்மகளுக்குப் பிடிக்கலைங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

விஷயம் வகுப்பில் பரவியது. பெரிய இவ என்று சிலர் என் காதுபடவே பேசினார்கள். பிறகு செல்லூரிலிருந்து வரும் என் வகுப்புத்தோழி ஒருத்தி, தன் ஃபைலைப் பார்க்க வேண்டும் என்று ஆபீசில் போய்க் கேட்டாள். அவள் பின்னாலேயே இன்னும் சிலர் போனார்கள். கடைசியில், வாரத்தில் ஒரு மதியம் இதற்கென்றே ஒரு மேஜை போட வேண்டியதாயிற்று. ஆபீஸ்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டேதான் எடுத்துக் கொடுத்தார்கள். பெண்கள் சாவகாசமாக உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தார்கள்.