உட்கார்ந்து அடிக்கும் மேளம்

பிரவுசிங் சென்டர்காரர் என்னை எழுப்பிவிடுவதற்குள் இன்றைய கதையை அனுப்பிவிடுகிறேன், மக்களே.

என் அக்கா மகன் இசைப் பேராசிரியர். ராக் இசையை ஆராய்ந்து டாக்டர் பட்டம், சொந்தமாக இசையமைப்பு, போதாததற்கு டிரம்ஸ். ஓங்கி ஒரு அடி அடித்தால் மணிமுத்தாறு அணையின் மதகு தானாகத் திறந்துகொள்ளும். குடியிருக்க வாடகை வீடுதான் கிடைக்கவில்லை.

காலையில் பாளையங்கோட்டையில் ஒரு வீடு பார்க்கக் கூட்டிப்போனேன். பேராசிரியர் என்றதும் வீட்டுக்கார அண்ணாச்சியின் முகம் பூத்தது. டிரம்ஸ் என்றதும் வாடியது.

"மேளமா? உக்காந்து அடிப்பியளா, நின்னு அடிப்பியளா?"

"உக்காந்துதான்."

"அப்பச் சரி. நின்னு அடிக்கது எழவுக்குல்லா வே!"

சாவி கைக்கு வந்துவிட்டது. மருமகன் சும்மா இருந்திருக்கலாம். வகுப்பெடுத்தார்.

"நின்னு அடிக்க அந்தப் பறைதான் சார் என் புது இசைக்கு உயிரு. அத வாசிக்கவங்க ஞாயித்துக்கெழம இங்கன வந்து எங்கூட ஒத்திகை பாப்பாங்க."

அண்ணாச்சி பைய சாவியைத் திரும்ப வாங்கினார். "மறந்தே போச்சு வே. என் மகன் குடிவாரேன்னு சொல்லிருக்கான்."

அவருக்கு மூன்றும் பெண்கள்.

தெருவுக்கு வந்ததும், "ஒரு வாரம் வாய மூடிக்கிட்டு இருக்கக் கூடாதாலே?" என்றேன்.

"பொறவு அவங்கள பின்வாசல் வழியாவா வரச் சொல்ல, மாமா?"

ஊரையே வாயடைக்க வைக்கும் நான், நேரே இந்தப் பிரவுசிங் சென்டரில் வந்து உட்கார்ந்துவிட்டேன்.

ஆகவே, வீடு இருந்தால் எழுதுங்கள். தண்ணீர் வராவிட்டாலும் பரவாயில்லை. "நாங்கல்லாம் அப்படிப் பாக்கதில்ல" என்று எழுதப்போகும் பெருமக்கள், கூடவே சாவியையும் அனுப்பவும்.