அம்மன் பெயரும் நூற்றெட்டும்

மாத்தளை டவுனில், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கொமியுனிகேஷன் கடை இருந்தது. போன் பேச, போட்டோ கொப்பி எடுக்க, இன்டர்நெட் பார்க்க எல்லாவற்றுக்கும் தோட்டத்து ஆட்கள் அங்கேதான் போவோம். இன்றைக்கும் அந்த இடத்தை மனதுக்குள் திட்டிக்கொண்டுதான் கடக்கிறேன். கடை என்ன செய்யும்? திட்டுவதற்கு வேறு ஒரு முகம் எனக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

யுத்தம் கடைசிக் கட்டத்துக்கு வந்துகொண்டிருந்த காலம். நான் இரத்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தேன். தம்பி கொழும்பில் ஓர் இரும்புக் கடையில் பில் போடும் வேலையில் இருந்தான். ஒரு சுற்றிவளைப்பில் அவனைப் பிடித்துக்கொண்டு போய், பல வாரம் வைத்திருந்து, ஒரு காரணமும் சொல்லாமல் விட்டார்கள். திரும்பி வந்தவனால் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. அம்மா கேட்டால், "படியில விழுந்துட்டேம்மா" என்பான். எந்தப் படி என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

விட்டவர்கள் விட்டபடி இருந்தால் பரவாயில்லை. கொஞ்ச நாளில் யாரோ இரண்டு பேர் எங்கள் லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீட்டுக்கு, வந்து அவனைப் பற்றி விசாரித்துவிட்டுப் போனார்கள். அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவனைப் பல்லேபொலவில் சித்தி வீட்டில் கொண்டுபோய் விட்டோம். சித்தி ஒரு சிங்களவரைக் கட்டிக்கொண்டு போனவள். அதற்காகவே எங்கள் வீட்டில் பல வருஷம் அவளோடு பேச்சுவார்த்தை இல்லை. கடைசியில் ஆபத்துக்கு உதவியது அந்த வீடுதான். சுற்றிலும் மிளகுத் தோட்டம், வயல். அந்தப் பக்கம் தமிழ் ஆட்கள் குறைவு. எங்கள் லயத்தில் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக்கூட அவன் அங்கே இருப்பது தெரியாது. அடுப்பில் என்ன வேகிறது என்று சுவருக்கு அந்தப் பக்கம் தெரிந்துவிடும் லயத்தில், இந்த ஒன்றை நாங்கள் மூடி வைத்திருந்தோம்.

அப்போதுதான் வெளிநாட்டில் இருந்த அவனுடைய பழைய சிநேகிதன் போனில் சொன்னான், அந்த நாட்டு அரசாங்கத்துக்கு இன்டர்நெட்டிலேயே விண்ணப்பம் போடலாம், உயிருக்கு ஆபத்து என்று காட்டினால் எடுப்பார்கள் என்று. தம்பியின் முகத்தில் அன்றைக்குத்தான் கொஞ்சம் வெளிச்சம் பார்த்தேன். சித்தப்பாவின் த்ரீவீலரில், சித்தப்பாவின் தொப்பியைப் போட்டுக்கொண்டு, அவன் ஒரே ஒரு முறை டவுனுக்கு வந்தான்.

கடைக்கார அண்ணன் நல்ல மனுஷன். கீபோர்டைத் தொடப் பயப்படுகிற எங்கள் ஆட்களுக்கு அவரே உட்கார்ந்து எல்லாம் தட்டிக் கொடுப்பார். உள்ளே போவதற்கு ஒரு பெயர் வேண்டும் என்று பக்கம் கேட்டது.

"ஐடென்டி கார்ட் நம்பரையே போடுவோம். அதுதான் நம்ம ஆளுங்களுக்கு மறக்கவே மறக்காது" என்றார்.

அது உண்மை. செக்பொயின்ட்டில், பொலிஸில், கிராமசேவகரிடம், லொட்ஜில் என்று போகிற இடமெல்லாம் அந்த நம்பரைச் சொல்லிச் சொல்லி எங்களுக்கு அது பெயரைவிடப் பழகிப்போயிருந்தது.

"பாஸ்வேர்ட் என்னா வைக்கிறது?"

"அம்மன் பேரையே வைங்கண்ணே" என்றான் தம்பி.

"நம்பரும் கேக்குது."

"நூத்தெட்டு."

கடைக்காரர் சிரித்தார். பக்கத்து மெஷினில் மகளோடு பேச வந்திருந்த ஒரு அம்மா திரும்பி, "நாங்களும் அதேதான் தம்பி வச்சிருக்கோம். அவ பாத்துக்குவா" என்றாள். இன்னொருவரும் தலையாட்டினார். அந்தக் கடைக்கு வருகிற தமிழர்களில் பாதிப் பேருக்கு மேல் அதே பாஸ்வேர்ட்தான். லொறி வாங்கினால் முன் கண்ணாடியில் அம்மன் பெயர், புதுக் கொப்பி என்றால் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. பாதுகாப்பு என்று ஒருவன் கேட்டால் எங்களுக்குத் தெரிந்த பாதுகாப்பு அதுதானே. யாருக்கும் தெரியாத ஒன்றை வைக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. யாருக்கும் தெரியாத சாமி என்ன சாமி?

பிறகு தம்பி கடைக்காரரை எழும்பச் சொல்லிவிட்டுத் தானே உட்கார்ந்தான். இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினான். தனக்கு நடந்ததையெல்லாம் எழுதினான். நான் பின்னால் நின்று வாசிக்கப் போனேன்.

"அக்கா, நீ வெளிய நில்லு" என்றான்.

நின்றேன். திரும்பிக் கூப்பிட்டபோது ஒரு கட்டம் மட்டும் மிச்சம் இருந்தது. இப்போது தங்கியிருக்கும் முகவரி. பொய் எழுதினால் விண்ணப்பத்தையே தள்ளிவிடுவார்கள் என்று சிநேகிதன் சொல்லியிருந்தான். தம்பி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பல்லேபொல வீட்டு முகவரியைப் போட்டான். வேறு எந்த இடத்திலும் அந்த முகவரியோடு அவனுடைய பெயர் சேர்ந்து எழுதப்படவில்லை.

அதற்குப் பிறகு சனிக்கிழமை தோறும் நான் போய்ப் பார்ப்பேன். நம்பர், அம்மன், நூற்றெட்டு. உள்ளே போனதும் நல்வரவு என்று அவனுடைய முழுப்பெயரைக் காட்டும். எங்கள் வீட்டில் யாரும் கூப்பிடாத பெயர். 'உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது' என்று கீழே இருக்கும். வெளியே வந்து அதே பூத்தில் சித்தி வீட்டுக்குப் போன் எடுப்பேன்.

"என்னாக்கா?"

"அப்படியேதான்டா இருக்கு."

"சரி, வரும்."

ஒரு சனிக்கிழமை அந்தப் பக்கத்தின் மேல் மூலையில், சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன வரி என் கண்ணில் பட்டது. நீங்கள் கடைசியாக உள்ளே வந்தது ஞாயிற்றுக்கிழமை என்று போட்டிருந்தது. நான் ஞாயிற்றுக்கிழமை டவுனுக்கே வருவதில்லை. கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அது அந்த நாட்டு நேரம் டீச்சர். இங்க சனின்னா அங்க ஞாயிறாயிரும்" என்றார்.

பிள்ளைகளுக்குப் பூகோளம் படிப்பிக்கிறவள் நான். அவர் சொன்னது எனக்குச் சரியாகவே பட்டது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினேன்.

அந்த வாரத்திலேயே, பட்டப்பகலில், சித்தி வீட்டு வாசலில் ஒரு வெள்ளை வான் வந்து நின்றது. யாரிடமும் வழி கேட்கவில்லை. தோட்டத்துக்கு வரவில்லை, அம்மாவை விசாரிக்கவில்லை. நேரே அங்கே போனார்கள். தம்பி முற்றத்தில் பாயில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தானாம். வந்தவர்கள் யூனிஃபோர்ம் இல்லாமல், சாதாரண உடுப்பில் வந்தவர்கள். மரியாதையாகச் சிங்களத்தில் பேசினார்களாம். சின்ன விசாரணை, பின்னேரமே விட்டுவிடுவோம் என்றார்களாம். சித்தப்பா வானுக்குப் பின்னால் மெயின் ரோடு வரைக்கும் ஓடியிருக்கிறார். சித்தி மிளகை அள்ளாமல் அப்படியே விட்டுவிட்டாள். மழை வந்து எல்லாம் போயிற்று.

பொலிஸில் அப்படி ஒருவரை யாரும் கைது செய்யவில்லை என்றார்கள். வேறு இரண்டு இடத்துக்குப் போனோம், அங்கேயும் அதே பதில். முகவரி எப்படித் தெரிந்தது என்றுதான் நானும் சித்தியும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்தோம். சித்தப்பாவைச் சந்தேகப்பட்டு அம்மா ஒரு வார்த்தை விட்டாள். அந்த மனுஷன் அழுதார்.

சனிக்கிழமை வந்தது. போகாமல் இருக்க முடியவில்லை. உள்ளே போனேன். கடைசியாக உள்ளே வந்தது சனிக்கிழமை என்று இருந்தது. போன சனிக்கிழமை, நான் வந்த அதே நேரம். அந்த நாட்டு நேரம் ஒரு வாரத்தில் மாறிவிடுமா? நான் கடைக்காரரைப் பார்த்தேன். அவரும் அந்த வரியைப் பார்த்துவிட்டார். அவருடைய முகம் வெளுத்துப்போயிற்று. போய்த் தன் மேசையில் உட்கார்ந்தார்.

யார் திறந்தது என்று இன்றுவரை தெரியாது. நம்பர் எல்லா செக்பொயின்ட்டிலும் இருந்தது. மற்றது ஊர் முழுக்க இருந்தது. அந்த வருஷம் அம்மன் தேர் எங்கள் பக்கம் வந்தபோது எல்லாரும் தலைக்கு மேல் கை தூக்கிக் கும்பிட்டார்கள். அவனால் தூக்க முடியாத கையை நினைத்துக்கொண்டு, நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். எனக்கு அவ்வளவு கோபம்.

சில மாதம் கழித்து பதில் வந்தது. விண்ணப்பம் முதல் கட்டத்தில் ஏற்கப்பட்டிருக்கிறது, நேர்முகத்துக்கு வரவும் என்று. நான் அங்கேயே உட்கார்ந்து, அவனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள், தயவுசெய்து இங்கே அரசாங்கத்திடம் கேட்டுப் பாருங்கள் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதினேன். விண்ணப்பதாரர் தானே உள்ளே வந்து தொடர்புகொள்ள வேண்டும், வேறொருவரோடு விவரம் பேசுவதற்கில்லை என்று பதில் போட்டார்கள். அவ்வளவு பாதுகாப்பு.

யுத்தம் முடிந்தது. டவுனில் வெடி கொளுத்தினார்கள். பஸ்ஸை நிறுத்தி எல்லாருக்கும் பாற்சோறு வெட்டிக் கொடுத்தார்கள். எனக்கும் ஒரு துண்டு கையில் வைத்தார்கள். நான் அதை வைத்துக்கொண்டே கடைக்குப் போனேன், அன்றைக்குச் சனிக்கிழமை.

பக்கத்தைத் திறந்ததும் ஒரு புது அறிவித்தல் வந்தது. உங்கள் பாதுகாப்புக்காகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். பிறருக்குத் தெரிந்த பெயர்களைத் தவிருங்கள். யாரிடமும் சொல்லாதீர்கள்.

கடைக்காரர் பின்னால் வந்து நின்றார். அந்த நாளுக்குப் பிறகு அவர் என்னிடம் காசு வாங்குவதில்லை, அதிகம் பேசுவதும் இல்லை.

"இனியாவது மாத்திருவோமா டீச்சர்?"

"வேணாண்ணே" என்றேன். "அவனுக்கு இது ஒண்ணுதான் தெரியும்."

அறிவித்தலை மூடினேன். நல்வரவு என்று அவனுடைய பெயரைக் காட்டியது. மேல் மூலையில் இருந்த வரியைப் பார்த்தேன். வாரா வாரம் நான் போவது அந்த வரியைப் பார்க்கத்தான். கடைசியாக உள்ளே வந்தது போன சனிக்கிழமை என்று இருந்தது. அது நான்.