ஒரு பானை குதிரைக்கறித் தூரம்

உல்பொசின் அக்காவைக் கேட்டால், கஜகஸ்தானின் மேற்குக் கோடியிலுள்ள அக்தாவ் விமான நிலையத்துக்கும் எங்கள் அல்மாத்திக்கும் நடுவே இருப்பது இரண்டாயிரம் கிலோமீட்டர் இல்லை, ஒரு பானை குதிரைக்கறி. கணவர் தொலெகெனுக்கு அங்கே எண்ணெய்க் கிணற்றில் வேலை. ஒரு மாதம் வேலை, ஒரு மாதம் வீடு. ஊர் திரும்ப விமானத்தில் உட்கார்ந்ததும் போன் செய்வார். அக்கா அடுப்பைப் பற்ற வைப்பார். நான்கு மணி நேரம் கழித்து அவர் வாசலில் காலணியைக் கழற்றும்போது கறி பதமாக வெந்திருக்கும். பதினெட்டு வருடத்தில் ஒருமுறைகூடத் தப்பியதில்லை. எங்கள் கட்டடத்தில் விமான நேரம் வேண்டுமென்றால் அக்காவைத்தான் கேட்போம்.

தகராறெல்லாம் அவர் வேலைக்குத் திரும்பும்போதுதான். "வந்து சேர்ந்துட்டேன்" என்ற போன் முக்கால் மணி நேரம் பிந்தி வரும்.

"எதிர்க்காத்து, உல்பொசின்."

"வரும்போது இல்லாத காத்து போகும்போது மட்டும் எங்கருந்து வருது? யாரோட உக்காந்து டீ குடிச்சீங்க?"

அக்கா ஒருநாளும் அதை நம்பியதில்லை.

போன இலையுதிர் காலத்தில் அவர்களுடைய மகள் அக்மரால் அக்தாவில் வாழ்க்கைப்பட்டாள். புகுந்த வீட்டில் அவள் கையால் முதல் விருந்து. மருமகள் கறி வேகவைக்கிற லட்சணத்தில் பிறந்த வீட்டையே எடை போட்டுவிடுவார்கள். தொலெகென் அங்கேயே இருந்தார். அக்கா வாழ்க்கையில் முதல்முறையாக விமானம் ஏறினார், துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு. உட்கார்ந்ததும் மகளுக்குப் போன்.

"இப்பவே பத்த வெச்சிரு. நான் வர்ற வரைக்கும் அடுப்பத் தொடக் கூடாது. நேரம் எனக்குத் தெரியும்."

மூன்று மணி நேரம் ஆகியும் கீழே வெறும் மணல்தான். அக்கா பணிப்பெண்ணைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, இன்னும் ஏன் இறக்கல? அங்க கறி வெந்துட்டிருக்கு."

"எதிர்க்காத்தும்மா. இன்னும் அரை மணி நேரம் ஆகும்."

"உனக்கும் அவர் சொல்லிக் குடுத்து வெச்சிருக்காரா?"

நான் பத்திரிகையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தேன். ஆனால் அணைத்து வைத்த போனை அக்கா திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. பாவமாக இருந்தது.

நாங்கள் வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் அக்மரால் பானையை இறக்கினாள்; தட்டு வந்தது. கறி எலும்பை விட்டுக் கழன்று நார்நாராகக் கிடந்தது. சம்பந்தியம்மா தட்டைப் பார்த்தார், பிறகு மருமகளைப் பார்த்தார்.

"அல்மாத்தியில இப்படித்தான் வேக வெப்பீங்களா?"

அக்மராலுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் அம்மாவைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அக்கா தொண்டையைச் செருமினார். எதிரே தொலெகென் டீக்கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"புள்ள மேல தப்பில்ல, சம்பந்தி. நேரம் சொன்னது நான். வழியில…" என்று இழுத்தார். தரையைப் பார்த்துக்கொண்டே முடித்தார். "வழியில எதிர்க்காத்து."

சம்பந்தியம்மா சிரித்துவிட்டார். அக்மராலின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்து, நல்ல துண்டாகப் பார்த்து அவள் முன்னால் நகர்த்தினார்.

தொலெகென் கிண்ணத்தை மெதுவாகக் கீழே வைத்தார்.

"காது சரியா கேக்கல, உல்பொசின். இன்னொரு தடவ சொல்லு."