ஃபிட்டர் உமரின் பெரு நாட்டுத் தவளை

மத்தியானச் சங்கு ஊதியதும் உமர் பாய் கழிவு நூலை ஒரு பிடி அள்ளி விரல்களில் ஒட்டியிருக்கும் எண்ணெயைத் துடைக்கிறார். சட்டைப் பையிலிருந்து பித்தளை வட்டுகளை எடுத்துக் குலுக்குகிறார். சோற்றுத் தூக்குப் போசியைத் திறக்க அவருக்கு அவசரமில்லை. குடோன் மூலையில், ஓட்டைகள் போட்ட ஒரு மரப்பெட்டியின் மேல், வாயைப் பிளந்து உட்கார்ந்திருக்கிறது ஒரு பித்தளைத் தவளை. ஆறு எட்டு தூரம் தள்ளி நின்று, ஒரு கண்ணைச் சுருக்கி, முதல் வட்டை வீசுகிறார். அது 'டங்' என்று தவளையின் நெற்றியில் பட்டுத் தெறிக்கிறது.

"காத்துங்க," என்கிறார் சுற்றி நிற்பவர்களிடம்.

அந்தக் குடோனுக்கு ஜன்னலே கிடையாது.

திருப்பூர் காதர்பேட்டைப் பக்கம் சென்னியப்பனின் பனியன் கம்பெனியில் அவர் ஃபிட்டர். வயது முப்பத்தெட்டு. ஓடும் நிட்டிங் மிஷினின் சத்தத்தை வாசலில் நின்று கேட்டே, ஊசி முறிந்திருப்பதைச் சொல்லிவிடுவார். தெரியாது என்ற சொல் அவர் வாயில் வந்து யாரும் கேட்டதில்லை. தெரியாததற்கு, "பாத்துப் போட்டுச் சொல்றனுங்க" என்று ஒரு பதில் வைத்திருக்கிறார். பெரும்பாலும் மறுநாள் பார்த்துவிட்டு வந்து சரியாகவே சொல்வார்.

தவளை வந்த கதை இப்படி. அறுபத்தைந்தாம் வருஷம் மிஷின் சாமான் ஒன்றைச் சுற்றி வந்த பழைய ஆங்கிலப் பத்திரிகைத் தாளில், பேனா நண்பர்கள் தேவை என்று ஒரு பத்தி இருந்தது. அதில் தென் அமெரிக்காவின் பெரு நாட்டில், சிம்போத்தே என்ற துறைமுக ஊரில், மீன் மாவு ஆலையில் மெக்கானிக்காக வேலை பார்க்கும் தியோஃபிலோ என்பவரின் விலாசமும் இருந்தது. மெக்கானிக் என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது உமருக்கு. எட்டாம் வகுப்பு இங்கிலீஷை அகராதியால் முட்டுக்கொடுத்து நிறுத்தி ஒரு கடிதம் போட்டார். தியோஃபிலோவின் இங்கிலீஷ் துறைமுகத்துக் கப்பல்காரர்களிடம் கற்றது. அதுவும் நொண்டிதான். இரண்டு நொண்டிகளும் ஒன்றன் தோளில் ஒன்று கை போட்டுக்கொண்டு நன்றாகவே நடந்தன.

ஞாயிற்றுக்கிழமை கடற்கரை மணலில் கால்பந்து, ஆலைப் பெண்களின் வாலிபால் கோஷ்டியில் தன் தங்கை அடிக்கும் அடி, எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்த பச்சை மீன் என்று தியோஃபிலோ எழுதுவார். மீன் சங்கதியைக் கேட்ட உமரின் மனைவி சபுரா பீவி, "அடுப்பே மூட்டாமயா? அவங்க வவுத்துக்கு ஒண்ணும் ஆகாதுங்களா?" என்று இரண்டு நாள் கவலைப்பட்டார். பதிலுக்கு உமர் சடுகுடு ஆட்டத்தின் விதிகளைப் படம் போட்டு அனுப்பினார். மூன்று மாதம் கழித்துத் தகவல் வந்தது. மணலில் ஆடிப் பார்த்தார்களாம். சடுகுடு என்ற சொல் நாக்கில் நிற்கவில்லையாம். அதனால் "திருப்பூர், திருப்பூர்" என்று மூச்சுப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்களாம்.

அப்புறம் ஒரு கடிதத்தில் அந்தத் தவளையின் படம் வந்தது. அங்கே திருவிழா, சாராயக்கடை, வீட்டு முற்றம் எங்கும் ஆடுகிற ஆட்டம். தூர நின்று வட்டு எறியவேண்டும். ஓட்டைகளில் விழுந்தால் புள்ளி, தவளை வாயில் விழுந்தால் ஆட்டமே உன்னுடையது. உமர் பழைய பித்தளையைத் திரட்டிக்கொண்டு அனுப்பர்பாளையம் பாத்திரப் பட்டறைக்குப் போய், நாலு நாள் கூடவே நின்று வார்த்துக்கொண்டு வந்தார். படம் சிறியது, அளவு எழுதவில்லை. வாய் குறுகிப்போயிற்று. பெரிதாக்கச் சொன்னவர்களிடம், "திருப்பூர்த் தவளை அடக்கமானதுங்க" என்றார். முதல் வருஷம் முழுக்க அதன் வாயில் விழுந்தது ஒரே ஒரு வட்டு. எறிந்தவர் நூல் சுற்றும் வேலாத்தாள். அன்றைக்கு உமர் தான் ஜெயித்ததைப்போல ஏரோகிராம் வாங்கி அவர் பெயரைப் பெருவுக்கு எழுதிவிட்டார்.

முதலாளி சென்னியப்பன் இரண்டு நிபந்தனை போட்டார். சோற்று நேரத்தில் மட்டும்தான் ஆடவேண்டும். பந்தயம் கட்டக்கூடாது. இரண்டாவதை, முதலாளி வாயைத் திறக்குமுன்பே உமர் சொல்லிவிட்டார்.

எழுபதாம் வருஷம் ஜூன் மாதம் முதல் வாரம். பெருவில் பூகம்பம் என்று பேப்பரில் வந்தது. பிணங்கள் ஆயிரக்கணக்கில் என்றார்கள். இடிந்த ஊர்களின் பட்டியலில் சிம்போத்தேயும் இருந்தது. உமர் அதை வாசலில் நின்றபடியே படித்துவிட்டு உள்ளே போய் மிஷினைக் கழற்றினார். மத்தியானம் குடோனுக்கு வந்தால், தவளை மேல் சாக்குப் போட்டு மூடியிருந்தது. எல்லோரும் சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள்.

"எழவு ஊடாட்ட எதுக்குங்க மூடி வெச்சிருக்கறீங்க?" என்று சாக்கை உருவி எறிந்தார். "ஆரு செத்துப்போனாங்க? அம்மிணி, நீ வட்டை எடு."

வேலாத்தாள் எடுத்தார். எறிய முடியாமல் திரும்பக் கொடுத்தார்.

அதே வாரம் விளையாட்டுப் பக்கத்தில் ஒரு சின்னச் செய்தி. உலகக் கோப்பையில் பல்கேரியாவிடம் இரண்டு கோல் பின்தங்கியிருந்த பெரு, மூன்று கோல் போட்டு ஜெயித்தது. உமர் அதைக் கத்தரித்து நூல் சுற்றும் அறைச் சுவரில் ஒட்டினார். "ஊரு இடிஞ்ச சேதி காதுல இருக்கறப்பவே ஆடி ஜெயிச்சிருக்கறாங்க. அந்த ஊரு மனுசங்க லேசுல விழ மாட்டாங்க" என்றார். ஜும்மா தொழுகை முடிந்ததும் தபாலாபீஸ் போய் ஒரு கடிதம் போட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை இன்னொன்று. அதற்கடுத்த வெள்ளி இன்னொன்று.

ஆவணி போயிற்று, புரட்டாசியும் போயிற்று. சென்னியப்பன் ஒருநாள் அவரைத் தனியே அழைத்தார்.

"பாய், நானு சொல்றனேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. அந்த மனுசன் இருந்தா இத்தன நாளைக்கு ஒரு வரி எழுதியிருக்க மாட்டாருங்களா?"

"தபாலு வார வழி ஒடஞ்சு கெடக்குதுங்க மொதலாளி. மொதல்ல வழிய கட்டட்டும்."

சொல்லிவிட்டு வந்தவர், அன்றைக்குத்தான் தன் வேலைக் காலத்திலேயே முதல்தடவையாக மிஷின் ஊசிகளைத் தப்பாக இடம் மாற்றிப் போட்டார். துணி நெடுகக் கோடு விழுந்து இறங்கியது. யாரும் பார்ப்பதற்குள் மிஷினை நிறுத்தி, ஒவ்வொரு ஊசியாகப் பிடுங்கி, மறுபடி முதலிலிருந்து கோத்தார். வீட்டுக்குப் போனதும் சபுரா பீவியிடம் மட்டும் சொன்னார். அந்த அம்மாள் தட்டில் இன்னொரு கரண்டிச் சோறு வைத்தார்.

கார்த்திகை மழையில் நனைந்த தபால்காரர் கம்பெனிக்கே கொண்டுவந்து கொடுத்தார். பெரு நாட்டுத் தபால்தலைதான். ஆனால் விலாசம் எழுதிய கை வேறு. எழுத்துகள் ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. இறந்த சேதியை வேறு யாரோ எழுதியிருக்கிறார்கள் என்றே எல்லோரும் நினைத்தார்கள். உமர் நின்றவாக்கில் உறையைக் கிழித்தார். முதல் வரியைப் படித்தார். உட்கார ஒரு நூல் பெட்டியைக் காலாலேயே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அவருதானுங்க," என்றார். "அவரே எழுதியிருக்கறாரு."

பிறகு வரிவரியாகத் தமிழில் சொன்னார். வீட்டுச் சுவர் விழுந்தது. அம்மா பிழைத்துக்கொண்டாள், தங்கை பிழைத்துக்கொண்டாள். இரண்டு மாதம் வேறு ஊர் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். வலது கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். திரும்பி வந்தபோது உன் கடிதங்கள் ஒரு கட்டாக எனக்காகக் காத்திருந்தன. பதில் எழுத எழுத்தைப் புதிதாகப் பழகவேண்டியிருந்தது. இது என் இடது கை. குழந்தை கிறுக்கியதுபோல இருக்கிறது, மன்னித்துக்கொள். என் தவளை சுவருக்கு அடியில் இருக்கிறது. உன்னுடையது சுகமா?

வேலாத்தாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப இனி அவரு வட்டு எறிய மாட்டாருங்களா பாய்?"

"ஏன் எறிய மாட்டாரு? எழுதற கை எறியாதா?"

சோற்று வேளை முடியும் சங்கு ஊத இன்னும் நேரமிருந்தது. உமர் நூல் பெட்டியைச் சுவரோரம் நகர்த்தி உட்கார்ந்து, மடியில் அட்டையை வைத்து, அதன்மேல் ஏரோகிராமை விரித்தார். பேனா மூடியைப் பல்லால் கடித்துக் கழற்றினார். முள்ளைத் தாளில் வைத்தவர் எழுதாமல் ஒரு கணம் நிறுத்தினார். பேனாவை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். நாக்கு நுனி வெளியே தெரிய, கோணலும் மாணலுமாக, 'அன்புச் சகோதரனுக்கு' என்று இங்கிலீஷில் முதல் வரியை எழுதத் தொடங்கினார்.