ருக்குமணி பொறந்த மாடி வூடு

எம் பொண்டாட்டி ருக்குமணிக்குப் பாகூர்ல இன்னா குறை? கரும்பு இருக்குது, நெல்லு இருக்குது, நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கறேன். இருந்தும் சாயங்காலமானா அவ மூஞ்சி வடக்கால திரும்பிடும். அந்தப் பக்கம்தான் பாண்டி டவுன், அவ பொறந்த வூடு.

வூடுன்னா சும்மா இல்ல. பிரெஞ்சுக்காரன் காலத்துல கோர்ட்டு குமாஸ்தாவா இருந்த அவ தாத்தாவோட அப்பா கட்டுனது. கீழ நம்மூரு மாதிரி முற்றம், தேக்குத் தூணு. மேல வளைவு வச்ச ஜன்னலு, சாய்ச்சு அடுக்குன பலகைக் கதவு, உருண்டைத் தூணு, அத்தினியும் பிரெஞ்சு. வேட்டி கட்டிக்கினு மேல கோட்டு போட்ட ஆளாட்டம் நிக்கும். சுவத்துல கை வச்சா ஜில்லுன்னு வழுக்கும், சுண்ணாம்புப் பூச்சு அப்பிடி. "உங்க சிமெண்ட் வூட்டுல அனல்தான் அடிக்குது"ன்னு கல்யாணமான நாள்லேருந்து இவளுக்கு ஒரே பாட்டு. "அப்ப அந்தச் சுண்ணாம்பையே கட்டிக்கினு இருந்திருக்கலாமே"ன்னு நானும் கத்துவேன். அவ மறுபடியும் வடக்கால பார்த்துக்கினு குந்திடுவா. அதுதான் எனக்கு வலிக்கும்.

நான் மாப்பிள்ளையாப் போனா கூடத்துல நாற்காலி போடுவாங்க, தலைவாழை இலை போடுவாங்க. மாடிப்படி மட்டும் ஏறுனதே இல்ல. மாமனார் வூட்டுல மாப்பிள்ளை கண்ட எடத்துக்கும் நடந்தா மரியாதையா இருக்குமா?

போன தையில மச்சான் நடேசன் வூட்டை வித்துட்டான். வாங்குனவன் இடிக்கறான்னு சேதி வந்ததும் இவ சோறு எறங்காம குந்திக்கினா. "போயிப் பார்த்துட்டு வரலாம் வா"ன்னேன்.

"இடிஞ்சதைப் பார்க்க என்னால ஆவாதுங்க. அதுலேருந்து எதனாச்சும் ஒண்ணு எடுத்தாந்து குடுங்க, போதும்"னா. இத்தினி வருஷத்துல அவ வாய் விட்டுக் கேட்டது அது ஒண்ணுதான்.

வுடுவேனா? டிராக்டர்ல டிரெய்லரை மாட்டிக்கினு கெளம்பிட்டேன். மாடி ஜன்னலுங்க தெருவோரம் குவிஞ்சு கெடந்துது. டீக்கடைக்காரன் அடுப்புக்கு அள்ளிக்கினு இருந்தான். "ஒண்ணு வேணுமா?"ன்னு மேஸ்திரி கேட்டாரு. அந்தச் சில்லறைச் சாமான் எவனுக்கு வேணும்? எனக்குத் தெரிஞ்சது நிலைவாசல்தான். ரெட்டைக் கதவு, பித்தளைக் குமிழு, நிலை மேல லட்சுமி. ஆளு வச்சுத் தூக்கி டிரெய்லர்ல ஏத்தி, ராசாவாட்டம் ஊருக்கு வந்து சேர்ந்தேன்.

ருக்குமணி ஓடியாந்தா. கதவைத் தொட்டா. அப்புறம் டிரெய்லர் பூரா எட்டி எட்டிப் பார்த்தா.

"ஜன்னலு?"

"அது எதுக்குடி? இதான் வூட்டுக்கே மூஞ்சி!"

"நான் வளர்ந்ததே அந்த மாடி ஜன்னலண்டதாங்க. படிச்சது, அம்மா தலை வாரிவுட்டது, மழை பார்த்தது, எல்லாம் அங்கதான்." பித்தளைக் குமிழைப் புடிச்சுக்கினா. "இந்த வாசல்லதான் அம்மா அழுதுக்கினே என்னை உங்க கையில புடிச்சுக் குடுத்தாங்க. அம்மாம் பெரிய வூட்டுல, நான் வெளிய வந்த வழியை மட்டும் தூக்கிக்கினு வந்திருக்கீங்களே!"

அன்னிக்கு அவளை அந்த வழியாக் கூட்டிக்கினு வந்தவனும் நான்தான்.